சித்திரம் காத்த செம்மல் நந்தலால் போஸ்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. உடல்நலம் பேணுமாறு அறிவுறுத்தப் பெரியோர் இதனைக் கூறுவர். இப்பழமொழியின் நேர்ப்பொருளைச் சற்றே எண்ணிப் பார்த்தால், ஓவியக் கலைக்கே உரிய ஒரு துன்பம் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். கற்சிலை மண்ணுள் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தாலும் தோண்டியெடுத்துக் கழுவி நிறுத்தலாம். செய்யுள் ஏட்டில் அழிந்தாலும் யாரேனும் ஒருவர் நெஞ்சில் தங்கியிருக்கக்கூடும். சுவரோவியத்திற்கு அத்தகைய காப்பு இல்லை. மழைநீர் கசிந்தால் சாந்து உதிரும். சாந்து உதிர்ந்தால் அதன்மேல் நின்ற வடிவமும் வண்ணமும் உடன் உதிரும்.

அவ்வாறு உதிர்ந்துகொண்டிருந்த பாரத நாட்டின் பழஞ்சித்திரங்களைத் தம் கையால் படியெடுத்துக் காத்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் நந்தலால் போஸ். படியெடுத்ததோடு அவர் அமைந்துவிடவில்லை. சுவரில் எழுதும் தொழில்நுட்பம் எவர் கையில் எஞ்சியிருக்கிறது என்று தேடி, அவரிடம் பணிந்து கற்றார். கற்றதை இளைஞர்க்கு வழங்கினார். பழைய சுவரைக் காப்பது ஒரு பணி. புதிய சுவரில் எழுதவல்ல கைகளை வளர்ப்பது மற்றொரு பணி. இவ்விரண்டையும் ஒரே கடமையாகக் கொண்டு வாழ்ந்ததே அவர்தம் பெருமை.

பிறப்பும் இளமையும்

பீகார் மாநிலத்து முங்கேர் மாவட்டத்தில் ஹவேலி கரக்பூர் என்னும் ஊரில், 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், வங்காளக் குடும்பம் ஒன்றில் நந்தலால் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் பணியாற்றியவர். தாயார் க்ஷேத்ரமணி தேவி பொம்மை செய்வதிலும் மற்றைக் கைவேலைகளிலும் இயற்கையாகவே திறம் வாய்ந்தவர். அன்னையின் விரல்கள் களிமண்ணையும் துணியையும் உருவாக்கி நிறுத்தும் விந்தையைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு, அந்த அன்னையின் அருகிருக்கும் பேறு நெடுநாள் வாய்க்கவில்லை. இளமையிலேயே அவர் தாயை இழந்தார்.

ஊரில் இருந்த குயவர்களும் பொம்மை செய்வோருமே அதன்பின் அவருக்கு ஆசான்களாயினர். துர்க்கை பூசைக்காக மண்ணுருவம் சமைப்போர் வைக்கோலைக் கட்டி, மண்ணை அப்பி, முகத்தைத் திருத்தி, இறுதியில் கண்ணைத் திறக்கும் வேலையைச் சிறுவர் நந்தலால் அகலாது நின்று பார்ப்பார். வீட்டிற்குத் திரும்பித் தாமும் செய்து பார்ப்பார். ஏட்டறிவு இல்லாத எளிய தொழிலாளரிடத்தும் கற்றற்குரிய செல்வம் உண்டு என்ற எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேர்விட்டது. பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய போதும் அவ்வெண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

பதினைந்தாம் வயதில் உயர்நிலைக் கல்விக்காகக் கல்கத்தா சென்றார். 1903இல் சுதீரா தேவியாரை மணந்தார். கல்லூரிப் படிப்போ அவருக்குக் கைகூடவில்லை. தேர்வுகளில் தோல்வியே தொடர்ந்தது. வணிகவியல் பயிலுமாறு உறவினர் வற்புறுத்த, அதிலும் மனம் பற்றவில்லை. பாட நூலின் ஓரங்களில் படம் வரையும் பிள்ளையைக் கண்டு பெரியோர் கவலையுற்றது இயல்பே. மணமான இளைஞன் ஓவியம் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்ற இயலுமா என்பது அக்காலத்தில் எவர்க்கும் எழக்கூடிய ஐயம். தயங்கிய குடும்பத்தாரை இணங்கச் செய்து, 1905இல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் அவர் சேர்ந்தார். தேர்வில் தோற்றவர் என்று பெயர் பெற்ற மாணவர், தமக்குரிய துறையைக் கண்டடைந்த நாள் அதுவே.

ஆசானை அடைந்தமை

அக்கலைப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் ஈ. பி. ஹாவெல் என்னும் ஆங்கிலேயர். ஐரோப்பியச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளைப் பார்த்து வரைவதே கல்வி என்றிருந்த முறையை மாற்றி, இந்திய ஓவியங்களையும் சிற்பங்களையும் மாணவர்முன் வைத்தவர் அவர். அவருடைய அழைப்பினை ஏற்றுத் துணைமுதல்வராகப் பணிபுரிந்தவர் அவனீந்திரநாத் தாகூர். கவியரசர் இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன்மகன் முறையினர். நந்தலால் தேடி அடைந்த குரு இவரே.

அவனீந்திரநாதர் மாணவரின் கையைப் பிடித்து வரைபவர் அல்லர். இதிகாச புராணக் கதைகளைச் சொல்லி, மாணவர் தாமே காட்சியை மனக்கண்ணில் காணுமாறு செய்பவர். அப்பயிற்சியில் நந்தலாலின் ஆற்றல் விரைந்து மலர்ந்தது. கீழைத்தேயக் கலைச் சங்கத்தின் முதற் கண்காட்சியில், சிவபெருமானும் சதிதேவியும் அமைந்த அவருடைய ஓவியம் 500 ரூபாய் பரிசு பெற்றது. அந்நாளில் அது பெருந்தொகை. இளங்குடும்பத்தார் ஒருவர் அதனைச் சேமித்து வைத்திருப்பின் எவரும் குறை கூறார். நந்தலால் அதனைக் கொண்டு நாடு சுற்றிப் பண்டைக் கோயில்களையும் சிற்பங்களையும் கண்டார். நூலில் கண்ட பாரதத்தைக் கல்லிலும் சுதையிலும் நேரிற் கண்ட அப்பயணம், அடுத்து வரவிருந்த பெரும்பணிக்கு அவரை ஆயத்தம் செய்தது.

அஜந்தாக் குகைகளில்

மராட்டிய நாட்டில் வகோரா ஆற்றின் வளைவில், குதிரை லாடம் போன்று வளைந்த மலைச்சரிவில் குடையப்பட்டவை அஜந்தாக் குகைகள். ஏறத்தாழ 30 குகைகளில், கிறித்து பிறப்பதற்கு முன் தொடங்கி ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு வரை பௌத்தத் துறவியரின் உறைவிடமாகவும் வழிபாட்டிடமாகவும் அவை விளங்கின. பின்னர்க் காடு மூடிக்கொண்டது. 1819இல் வேட்டைக்குச் சென்ற ஜான் ஸ்மித் என்னும் ஆங்கில அதிகாரியின் கண்ணிற் பட்டபின் உலகம் அவற்றை மீண்டும் அறிந்தது.

அறிந்ததனால் ஓவியங்களுக்கு நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. காணவந்தோர் சுவரில் பெயர் கீறினர். சிலர் சாந்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றனர். அழியுமுன் படியெடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் இராபர்ட் கில் என்னும் படைவீரர் 1844 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்து எழுதிய படிகளிற் பெரும்பாலானவை, 1866இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நேர்ந்த தீயில் எரிந்தன. பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவருடன் 1872 முதல் பல ஆண்டுகள் எழுதியவற்றிலும் மிகுதியானவை 1885இல் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் எரிந்துபோயின. நிறம் தெளிவாகத் தெரிதற்பொருட்டு அக்காலத்தில் சுவரின்மேல் பூசப்பட்ட வார்னிஷ் எண்ணெய், நாளடைவில் பழுப்பேறி ஓவியத்தையே மறைத்தது. காக்க முயன்ற செயலே கேடாக முடிந்த அவலம் அது.

இரு முறை எரிந்த அப்பணியை மூன்றாம் முறை மேற்கொண்டவர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்னும் ஆங்கில அம்மையார். இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினியின் பழைய தொழில்நுட்ப நூலை மொழிபெயர்த்தவர். முட்டைக்கருவிற் குழைத்த வண்ணத்தால் எழுதும் முறையில் வல்லவர். அவர் 1909ஆம் ஆண்டின் இறுதியில் அஜந்தாவிற்கு வந்தபோது, இந்தியக் கலைஞரும் அப்பணியிற் பங்குகொள்ள வேண்டும் என்று சகோதரி நிவேதிதை பெரிதும் விரும்பினார். நந்தலாலும், அசித் குமார் ஹல்தாரும், மைசூர் நாட்டு வேங்கடப்பாவும், சமரேந்திரநாத் குப்தாவும் அவ்வாறு அங்குச் சென்றவர்கள். ஐதராபாத்திலிருந்து சையது அகமது, முகம்மது பஸ்லுதீன் என்னும் இருவரும் வந்து இணைந்தனர்.

குகையினுள் இருள், வௌவால்களின் நாற்றம், நெடுநேரம் அண்ணாந்து நின்றும் குந்தியிருந்தும் எழுதவேண்டிய நிலை. இவற்றினும் அரியது மனத்தின் கட்டுப்பாடு. படியெடுப்பவன் தன் விருப்பத்தை ஒடுக்க வேண்டும். மூலத்தில் உள்ள கோட்டினைத் தன் கைக்கு இசைந்தவாறு திருத்துதல் ஆகாது. உதிர்ந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பி இதுவே பழைய ஓவியம் என்று காட்டுதலும் ஆகாது. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் எழுத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிய நேர்மையே இதற்கும் வேண்டும். ஏற்கெனவே பரிசும் பாராட்டும் பெற்ற இளங்கலைஞர், பெயர் தெரியாத பழம்பெரும் ஓவியர்களுக்கு மாணவராகிச் சுவரெதிரே அமர்ந்தார்.

அச்சுவர் அவருக்குப் பலவற்றைக் கற்பித்தது. பாறையின்மேல் மண், கல்தூள், உமி, நார் ஆகியன கலந்த சாந்தினை அப்பி, அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சு இட்டு, காவி, செம்மண், பச்சைமண், விளக்குக்கரி முதலிய எளிய பொருள்களால் பழையோர் எழுதியிருந்தனர். நீலத்திற்கு மட்டும் ஆப்கான் நாட்டு நீலக்கல் தொலைவிலிருந்து வந்தது. அவ்வளவு எளிய பொருளால் அத்துணைப் பெரிய காட்சியை ஆக்கியது கோட்டின் வலிமை என்று நந்தலால் உணர்ந்தார். அதுகாறும் சிறிய தாள்களில் மென்மையான வண்ணப்பூச்சில் எழுதிவந்த அவரது கை, அஜந்தாவிற்குப்பின் சுவரளவு விரியும் ஆற்றல் பெற்றது.

அக்குழுவினர் எழுதிய படிகள் 1915இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. உடனுழைத்த சையது அகமது பிற்காலத்தில் அஜந்தாவின் காப்பாளராகவே அமர்ந்து அவ்வோவியங்களைப் பேணினார். 1920ஆம் ஆண்டையொட்டி நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து லோரென்சோ செக்கோனி என்னும் வல்லுநரை அவர்தம் துணைவருடன் வரவழைத்து, கழன்ற சாந்தினைப் பாறையோடு பிணைக்கும் வேலையைச் செய்வித்தது.

பாக் குகைகளும் பாழான சுவர்களும்

மத்திய இந்தியாவில், குவாலியர் சமஸ்தானத்திற்கு உட்பட்டிருந்த பாக் என்னுமிடத்தில் அஜந்தாவிற்கு ஒப்பான ஓவியங்கள் இருந்தன. இன்று அவ்வூர் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் உள்ளது. அஜந்தாவின் பாறை உறுதியானது. பாக் குகைகளின் பாறையோ நீரைக் குடிக்கும் மென்மையான மணற்கல். கூரைகள் இடிந்தும் சுவர்கள் ஊறியும் ஓவியங்கள் ஆண்டுதோறும் மறைந்துகொண்டிருந்தன. சமஸ்தானத்தின் அழைப்பின்பேரில் 1921இல் நந்தலால், அசித் குமார் ஹல்தார், சுரேந்திரநாத் கர் ஆகியோர் அங்குச் சென்று படியெடுத்தனர். வட்டமாக நின்று கோலாட்டம் போன்று ஆடும் மகளிர், யானை மீதும் குதிரை மீதும் செல்வோரின் அணி எனக் கண்கவர் காட்சிகள் அவற்றுள் அடங்கும்.

காலம் செல்லச் செல்ல அப்படிகளின் மதிப்பு பெருகியது. எஞ்சியிருந்த மூல ஓவியங்களைக் குகைச் சுவரிலேயே விட்டுவைத்தல் இயலாது என்ற நிலை வந்து, பிற்காலத்தில் அவை சுவரினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1921இல் அவ்விளைஞர்கள் கண்ட அளவினைக் காணும் வாய்ப்பு இனி எவர்க்கும் இல்லை. அவர்கள் கண்டதை அறிவதற்கு அவர்களுடைய படிகளே துணை.

இரு குருமார்க்கு இடையில்

பாக் குகைகளில் நின்ற காலத்தில் நந்தலாலின் வாழ்க்கையிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1919இல் சாந்திநிகேதனத்தில் கலா பவனம் என்னும் கலைக்கூடத்தைத் தொடங்கி, நந்தலாலை அங்கு அழைத்தார். அவனீந்திரநாதருக்கோ தம் தலைமாணாக்கரைப் பிரிய மனமில்லை. கல்கத்தாவிலேயே கலைச் சங்கத்தின் பள்ளியில் அவர் பணியாற்ற வேண்டும் என்று விரும்பினார். ஒருபுறம் கலையின் கண்ணைத் திறந்த குரு. மறுபுறம் கலைக்குப் புதிய நிலம் காட்டிய கவிஞர். இருவரும் ஒரே குடும்பத்தவர். எவர் சொல்லையும் தட்ட இயலாத இடர்ப்பாட்டில் சிலகாலம் இங்குமங்குமாக இருந்து, இறுதியில் செம்மண் பூமியாகிய சாந்திநிகேதனத்தையே அவர் தேர்ந்தார். குருவின் மீது கொண்ட பக்தி அதனால் குன்றவில்லை. 1922 முதல் 1951 வரை கலா பவனத்தின் தலைவராக விளங்கினார். மாணவர் அவரை அன்புடன் மாஸ்டர் மஷாய் என்று அழைத்தனர்.

அவர் வகுத்த கல்விமுறை எளியது. மரத்தை வரையுமுன் மரத்தடியில் இருந்து பழகவேண்டும். உழவனை வரையுமுன் வயலுக்குச் செல்லவேண்டும். ஆண்டுதோறும் மாணவரைப் பழைய கலைச்சின்னங்கள் உள்ள ஊர்களுக்கு அழைத்துச் சென்று, உடன் தங்கி, உடன் வரைந்தார். நாள்தோறும் அஞ்சலட்டைகளில் கண்டதை எல்லாம் சிறு சித்திரமாகத் தீட்டும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஆடு, நண்டு, சந்தால் மகளிர், மழையில் நனையும் பனை என எழுதப்பட்ட அவ்வட்டைகள் மாணவர்க்கும் நண்பர்க்கும் கடிதமாகச் சென்று சேர்ந்தன. அவற்றைப் பெற்றவர்க்கு ஒவ்வொன்றும் ஒரு பாடமாயிற்று.

கொத்தனாரிடம் கற்ற கலைத்தலைவர்

அஜந்தாவும் பாக்கும் அவர் உள்ளத்தில் எழுப்பிய வினா ஒன்று இருந்தது. பழைய ஓவியத்தைத் தாளில் படியெடுக்கலாம். சுவரில் எழுதும் வித்தையை எவ்வாறு மீட்பது? சாந்திநிகேதனத்துச் சுவர்களில் அவரும் மாணவரும் செய்த தொடக்க முயற்சிகளிற் சில நெடுநாள் நிலைக்கவில்லை. வடிவம் தெரிந்தும் சுவரின் இயல்பு தெரியாமையே காரணம். சாந்தின் பதம், ஈரத்தின் அளவு, வண்ணம் சுண்ணத்தோடு கலக்கும் காலம் ஆகியவை நூலில் அகப்படாதவை. பரம்பரையாகத் தொழில் செய்வோர் விரல்களில் இருப்பவை.

ஜெய்ப்பூரில் அத்தகைய பரம்பரை எஞ்சியிருந்தது. மாளிகைச் சுவர்களில் பளிங்கு போன்று மின்னும் சுண்ணப்பூச்சின் மீது ஓவியம் எழுதும் மிஸ்திரிகள் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான நரசிங்லாலை 1927இல் சாந்திநிகேதனத்திற்கு வரவழைத்தனர். நாடறிந்த ஓவியரும் கலைக்கூடத்தின் தலைவருமாகிய நந்தலால், மாணவரோடு மாணவராக நின்று அவரிடம் பாடம் கேட்டார்.

நெடுநாள் நீரில் ஊறிய சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்து பலமுறை பூசவேண்டும். ஈரம் உலர்வதற்குள் நீரில் அரைத்த மண்வண்ணங்களால் எழுதவேண்டும். சிறு கரணையால் மெல்லத் தட்டி வண்ணத்தைச் சாந்தினுள் செலுத்தி, மெருகுக்கல்லால் தேய்க்கவேண்டும். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவிற்கே சாந்து பூசுதல் வேண்டும். தயங்கினால் சுவர் உலர்ந்துவிடும். பிழை நேர்ந்தால் அழித்தெழுத வழியில்லை. எழுதுமுன் உள்ளம் தெளிந்திருத்தல் இன்றியமையாதது என்பதை இதனினும் கண்டிப்பாகக் கற்பிக்கும் ஆசான் வேறில்லை.

நரசிங்லால் மீண்டும் 1933இல் வந்தபோது, பழைய நூலகக் கட்டடத்தின் தாழ்வாரச் சுவர்கள் ஆசிரியரும் மாணவரும் கூடி எழுதிய ஓவியங்களால் பொலிவுற்றன. இதற்கிடையே ஸ்ரீநிகேதனத்தில், தாகூர் தொடங்கிவைத்த ஏர்பூட்டு விழாவினை நந்தலால் ஈரச்சாந்து முறையில் சுவரில் எழுதினார். வண்ணம், சாந்து, தூரிகை ஆகியவை பற்றித் தாம் அறிந்த செய்முறைகளை வங்கமொழியில் நூலாகவும் எழுதி வைத்தார். மிஸ்திரியின் விரல்களோடு மறையக்கூடிய அறிவு அவ்வாறு பலர்க்கும் பொதுவாயிற்று.

கோலக்கலையையும் அவர் இவ்வாறே போற்றினார். வங்க மகளிர் நோன்பு நாள்களில் அரிசிமாவைக் கரைத்துத் தரையில் இடும் அல்பனா என்னும் கோலம், வீட்டு வேலையாகவே கருதப்பட்டு வந்தது. சுகுமாரி தேவி என்னும் அம்மையாரைக் கொண்டு அதனைக் கலா பவனத்தில் பாடமாகவே கற்பிக்கச் செய்தார். அவருடைய மகள்கள் கௌரியும் யமுனாவும் அக்கலையில் தேர்ந்து, பின்னர் ஆசிரியைகளாக விளங்கினர்.

மாணவர் வளர்ந்த விதம்

ஆசானின் நிழலில் வளர்ந்தோர் ஆசானின் சாயலாகவே நின்றுவிடுதல் உண்டு. நந்தலாலின் மாணவர் அவ்வாறு நிற்கவில்லை. பாங்குராவின் எளிய குடும்பத்திலிருந்து 1925இல் வந்த ராம்கிங்கர், சிமெண்டையும் சரளைக் கல்லையும் கலந்து பெருஞ்சிற்பங்களைத் திறந்த வெளியில் எழுப்பினார். ஆசானின் மென்மையான வழிக்கு அது முற்றிலும் வேறானது. ஆயினும் அவ்விடத்தில்தான் அவர் வளர்ந்தார், ஆசிரியராகவும் அமர்ந்தார்.

வினோத் பிஹாரி முகர்ஜி பிறவியிலேயே கண்பார்வை குன்றியவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றொன்றும் மங்கல். அத்தகையவர் ஓவியம் பயில வந்தபோது ஐயம் எழுதல் இயல்பே. எனினும் அவருக்கு இடம் கிடைத்தது. அவரே 1946, 1947ஆம் ஆண்டுகளில் சாந்திநிகேதனத்து இந்தி பவனத்தில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வினைச் சுவரோவியமாக எழுதினார். நந்தலால் மீட்ட ஈரச்சாந்துக் கலை அச்சுவரில் முழுமை எய்தியது எனலாம். பின்னர் அவர் பார்வையை முற்றும் இழந்தும் கலைப்பணியைக் கைவிடவில்லை. அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த சத்யஜித் ராயும் 1940களின் தொடக்கத்தில் கலா பவனத்தில் பயின்றவரே.

சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்ற கே. ஜி. சுப்பிரமணியன், 1944இல் அங்கு மாணவரானார். கலா பவன வளாகத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவரில் கறுப்பு வெள்ளையில் அவர் எழுதிய ஓவியம் ஆண்டுகள் கடந்து மங்கியபோது, எண்பது வயதைத் தாண்டிய நிலையிலும் அவரே சாரத்தில் ஏறிப் புதிதாக எழுதினார். சுவர் மங்கினும் கை மங்கவில்லை. நந்தலால் விட்டுச்சென்ற பயிற்சியின் பயன் இதுவே.

ஊர்ப்புறத்தார்க்கு எழுதிய ஓவியங்கள்

தண்டி யாத்திரையின்போது கோலூன்றி நடக்கும் காந்தியடிகளை 1930இல் லினோலியத்தில் செதுக்கி நந்தலால் அச்சிட்ட படம் நாடெங்கும் பரவியது. காங்கிரஸ் மாநாட்டுப் பந்தல்களை அணிசெய்யும் பொறுப்பினை அடிகள் அவரிடம் ஒப்படைத்தார். ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்தல் வேண்டும் என்பது அடிகளின் கொள்கை. 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய மாநாட்டிற்காக, நந்தலாலும் அவர்தம் மாணவரும் ஏறத்தாழ 400 ஓவியங்களைத் தீட்டினர். கையால் செய்த தாள், மண்வண்ணம், நாட்டுப்புறப் படக்காரர்களின் விரைவான கோடு; இவையே கருவிகள். குயவர், தச்சர், செருப்புத் தைப்போர், முழவு கொட்டுவோர், குழந்தையை ஏந்திய தாய் ஆகியோரே கதைத்தலைவர்கள். வாயில்களிலும் பந்தல்களிலும் அமைந்த அவற்றின்வழியே நடந்துசென்ற சிற்றூர் மக்கள், தம்மையே சித்திரத்தில் கண்டனர். சிறுவயதில் எவரிடம் கைவேலை கற்றாரோ அவர்க்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் என்றே அதனைக் கூறலாம். பரோடாவின் கீர்த்தி மந்திரத்திலும் 1939 முதல் 1946 வரை நான்கு சுவர்களில் கங்கையின் வருகை, மீராவின் வாழ்வு முதலியவற்றை எழுதினார்.

நாட்டின் நூலில் மகாவீரர்

விடுதலை பெற்ற பாரதத்தின் அரசியலமைப்புச் சட்டம் அச்செழுத்தில் அமையாமல் கையெழுத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலப் படியை அழகுற எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. அதன் பக்கங்களுக்குச் சித்திரம் அமைக்கும் பணி நந்தலாலிடம் வந்தது. அறுபது வயதைக் கடந்திருந்த அவர், அதனைத் தனியே செய்யாமல் மாணவரையும் மகளிரையும் உடன் சேர்த்துக்கொண்டார். முகவுரைப் பக்கத்தின் ஓரச்சித்திரம் மாணவர் பியோகர் ராம்மனோகர் சின்ஹாவின் கைவண்ணம். அக்குழுவில் இருந்த கிருபால் சிங் ஷெகாவத் பின்னர் ஜெய்ப்பூரில் அழிந்துகொண்டிருந்த நீலமட்பாண்டக் கலையை மீட்டவர். ஜெய்ப்பூர் மிஸ்திரி ஒருவர் சாந்திநிகேதனத்திற்குக் கொண்டுவந்த கொடைக்கு, அம்மாணவர் வாயிலாக ஒரு கைம்மாறு அந்நகரைச் சென்றடைந்தது.

நாட்டின் வரலாறு அந்நூலில் பகுதிதோறும் படமாக விரிகிறது. மொகஞ்சதாரோவின் காளை முதற்பகுதியில் நிற்கிறது. ஆடல்வல்லானின் திருவுருவமும், மாமல்லபுரத்துப் பாறையில் கண்ட கங்கை வருகைக் காட்சியும் தமிழகத்தின் பங்காக இடம்பெற்றுள்ளன. மாநிலங்களின் ஆட்சியைக் கூறும் ஆறாம் பகுதியின் தலைப்பில், இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய பகவான் வர்த்தமான மகாவீரர் தியான நிலையில் அமர்ந்திருக்கிறார். அதே நூலின் பிற்பகுதியில் தண்டிக்கு நடக்கும் காந்தியடிகளும், நவகாளியில் அமைதி வேண்டிச் சென்ற காந்தியடிகளும் காட்சி தருகின்றனர். அகிம்சையை உலகிற்கு அறிவுறுத்திய பெருமானும், அவ்வறத்தை அரசியலிற் கையாண்ட அடிகளும் ஒரே நூலின் ஏடுகளில் வீற்றிருத்தல் எண்ணுந்தோறும் மகிழ்வளிப்பதாகும்.

அந்நூலின் மூலப்படி இன்று பாராளுமன்ற நூலகத்தில், நைட்ரஜன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பேழையில் காக்கப்படுகிறது. காற்றும் ஈரமும் தீண்டாவண்ணம் ஓவியத்தைக் காக்கும் அறிவு வளர்ந்துவிட்டது. தாம் அஜந்தாவில் நின்ற நாளில் அத்தகைய காப்பு இல்லாமையாலேயே நந்தலால் தூரிகை ஏந்தினார் என்பதை நினைவுகூர்தல் தகும்.

நிறைவு

1951இல் பணி ஓய்வு பெற்றபின்னும் அவர் கை ஓயவில்லை. முதுமையில் பெரிய சுவர்களை விட்டு, மையும் தாளும் கொண்டு சிறிய சித்திரங்களைத் தீட்டிவந்தார். 1954இல் பத்ம விபூஷண் விருதும், 1956இல் லலித் கலா அகாதமியின் உறுப்பினர் தகைமையும் அவரை நாடி வந்தன. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

ஆண்டுதோறும் அவருடைய பிறந்தநாளையொட்டி, டிசம்பர்த் திங்களின் முதலிரு நாள்களில் கலா பவனத்தில் நந்தன் மேளா நடைபெறுகிறது. மாணவரும் ஆசிரியரும் தாம் செய்தவற்றை விற்றுப் பெறும் தொகை மாணவர் நலனுக்குப் பயன்படுகிறது. இறந்துபட்ட ஆசானுக்குச் சிலை நிறுத்துவோர் பலர்; அவர் பெயரால் அடுத்த தலைமுறையின் கைகளுக்கு வேலை கொடுத்தல் சிலர்க்கே வாய்க்கும் நினைவுச்சின்னம்.

பழமொழி கூறியவாறு, சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். சுவரெனப்பட்டவை அனைத்தும் ஒருநாள் சாயும் என்பதை நந்தலால் குகைகளில் கண்டார். எனவே, எழுதத் தெரிந்த கைகள் எக்காலத்தும் இருக்குமாறு செய்துவிட்டுச் சென்றார்.